ஒரே சத்தம், ரெண்டு ஸ்பெல்லிங்: ஸ்டேஷனரி பஞ்சாயத்து

தமிழ்ல எழுதினா பிரச்சனையே இல்லை. ஸ்டேஷனரி. அவ்வளவுதான். ஆங்கிலத்துல எழுதும்போதுதான் பஞ்சாயத்து ஆரம்பிக்குது. ஸ்டேஷன் என்று எழுதிவிட்டு அடுத்து ஏ போட்டால் 'நகராமல் நிற்கிற' என்று அர்த்தம். அதே இடத்தில் ஈ போட்டால் நோட்டு, பேனா, ஸ்கேல், ஏ4 பேப்பர் எல்லாம் வந்துவிடும். உச்சரிப்பில் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஒரே ஒரு எழுத்துதான்.

அந்த ஒரு எழுத்தை வைத்து நம்ம ஊரில் நடக்கிற கேலி கொஞ்சநஞ்சம் இல்லை. ஏதாவது ஒரு கடை போர்டில் ஈ-க்குப் பதில் ஏ இருந்தால் உடனே போட்டோ எடுத்து, சிரிப்பு எமோஜி போட்டு குரூப்பில் தட்டிவிடுகிறோம். லேப் ரெக்கார்டில் யாராவது மாற்றி எழுதிவிட்டால் "டேய், நீ தமிழ் மீடியமா?" என்று கேட்கிறோம். கேட்கிறவனுக்கு அது ஜோக். கேட்கப்பட்டவன் அடுத்த தடவை செமினாரில் கை தூக்க மாட்டான். வைவாவில் விடை தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டான். ஒரு எழுத்துக்கு இது ரொம்பப் பெரிய விலை.

நான் சொல்ல வருவது ரெண்டு விஷயம். ஒன்று, இந்த ஸ்பெல்லிங் வித்தியாசம் நிஜமாகவே முக்கியம், தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ரெண்டு, அதைத் தெரிந்துகொள்ள தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால் சாவியே அவன் கையில்தான் இருக்கு.

முதலில் ஏ போட்ட ஸ்டேஷனரியை எடுத்துக்குவோம். லத்தீனில் 'ஸ்டாரே' என்றால் நிற்பது. அதிலிருந்து 'ஸ்டாசியோ', அதாவது நிற்கிற இடம். அதுதான் ஆங்கிலத்தில் ஸ்டேஷன். இப்போ தமிழுக்கு வாங்க. நில் என்பது வினை. அதிலிருந்து நிலை, நிலையிலிருந்து நிலையம். மொரப்பூர் ரயில் நிலையம் என்று போர்டில் எழுதியிருப்பதை யாரோ அகராதி பார்த்துக் கஷ்டப்பட்டு மொழிபெயர்த்தது என்று நினைக்கிறோம். லத்தீன்காரன் எந்த வழியில் யோசித்தானோ அதே வழியில் தமிழும் யோசித்திருக்கு. திருவிழா முடிந்து தேர் திரும்பி வந்து நின்றால் ஊரில் என்ன சொல்வோம்? "தேர் நிலைக்கு வந்துருச்சு" என்போம். தேருக்கு நிலை, ரயிலுக்கு ஸ்டேஷன். இதைவிடத் துல்லியமாக எந்த அகராதியும் அர்த்தம் சொல்லிவிட முடியாது.

இந்த ஒரு வேரைப் பிடித்துக்கொண்டால் நம்ம சிலபஸ்ல பாதி வார்த்தை தானாகவே திறக்கும். மெக்கானிக்கலில் ஸ்டாட்டிக்ஸ்: தமிழில் நிலையியல். இது கிரேக்கம் வழியாக வந்தாலும் அதே குடும்பம்தான். மோட்டாரில் ஸ்டேட்டர்: நிற்கிற பகுதி. பக்கத்தில் சுற்றுவது ரோட்டார். லேபில் இருக்கிற ரியோஸ்டாட், ஏசியில் இருக்கிற தெர்மோஸ்டாட் ரெண்டின் வாலிலும் இருப்பது அதே 'நிற்க வைப்பது'தான். பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த நிலை அலைகள் என்பது ஸ்டேஷனரி வேவ்ஸ். முதல் செமஸ்டர் கணக்கில் வருகிற ஸ்டேஷனரி பாயின்ட் என்பது வளைவு ஏறுவதும் இல்லாமல் இறங்குவதும் இல்லாமல் ஒரு கணம் நிற்கிற இடம், அதாவது டெரிவேட்டிவ் பூஜ்யம் ஆகிற இடம். இன்ஸ்டிடியூட் என்ற சொல்லுக்குள்ளும் இதே நிற்றல் இருக்கு. நிற்க வைத்தது, நிறுவியது, நிறுவனம். பாருங்க, தமிழிலும் நிறுத்து, நிறுவு, நிறுவனம் என்று அதே வரிசையில் வந்து நிற்குது.

இன்னொரு சுவாரசியம். ஸ்டேஷனரி என்ற சொல்லை ஆங்கிலத்தில் ஆரம்ப காலத்தில் பயன்படுத்தியது வானத்தில் இருக்கிற கோள்களுக்கு. செவ்வாய், வியாழன், சனி எல்லாம் பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே வந்து, கொஞ்ச நாள் நின்ற மாதிரி தெரிந்து, பிறகு பின்னோக்கிப் போகிற மாதிரி தோன்றும். நம்ம வீட்டு காலண்டரில் 'குரு வக்ர ஆரம்பம்', 'வக்ர நிவர்த்தி' என்று போட்டிருப்பார்களே, அந்த ரெண்டு திருப்பத்திலும் கோள் நிற்கிற மாதிரி தெரிவதைத்தான் ஸ்டேஷனரி என்றார்கள். உண்மையில் கோள் நிற்கவில்லை. பார்க்கிறவனுக்கு நிற்கிற மாதிரி தெரியுது. இன்றைக்கு ஜியோஸ்டேஷனரி சாட்டிலைட் என்று சொல்வதிலும் அதே கதைதான். சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் அது நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கு. பூமியும் அதே கணக்கில் சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்கிறது.

நிஜமாகவே ஓடாமல் நின்ற ஒன்று வேண்டுமா? நம்ம மொரப்பூர் - தர்மபுரி பாதையைச் சொல்லலாம். 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட பாதையில் மொரப்பூர் வருகிறது. 1906ல் இங்கிருந்து தர்மபுரிக்கு நேரோ கேஜில் சின்ன ரயில் விட்டார்கள். பிறகு அது ஓசூர் வரைக்கும் நீண்டது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் அதை மூடித் தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இன்றைக்கு வரைக்கும் மாவட்டத் தலைநகரில் இருக்கிறவர்கள் சென்னைக்கு ரயில் பிடிக்க பஸ் ஏறி மொரப்பூர் வருவது வழக்கமாகிவிட்டது. மறுபடி 36 கி.மீ. புதுப் பாதைக்கு 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் பிறகு நிலம் எடுக்கிற வேலையிலேயே வருஷங்கள் போனது. 36,000 கி.மீ.க்கு ராக்கெட் விடுகிற நாட்டில் 36 கி.மீ.க்கு இந்தப் பாடு. ஸ்டேஷன் இருக்கு, திட்டம் ஸ்டேஷனரி. இங்கே ஏ-தான் போடணும், மறந்துடாதீங்க.

சரி, ஈ போட்ட ஸ்டேஷனரி எங்கிருந்து வந்தது? நோட்டுக்கும் பேனாவுக்கும் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் பொருளில் இல்லை, கடையில் இருக்கு. பழைய ஐரோப்பாவில் வியாபாரிகளில் பெரும்பாலானவர்கள் தலைச்சுமையாக ஊர் ஊராகப் போய் விற்பவர்கள். நம்ம பக்கம் சந்தைக்குச் சந்தை மூட்டையோடு போகிறவர்கள் மாதிரி. ஒரே இடத்தில் நிலையாகக் கடை போட்டு உட்காருவது எல்லோராலும் முடியாது. அப்படி நிலையாகக் கடை வைத்திருந்தவருக்கு லத்தீனில் 'ஸ்டாசியோனாரியுஸ்' என்று பெயர். அதாவது நின்ற இடத்தில் விற்பவர். (ரோமப் படையில் ஒரு இடத்தில் காவலுக்கு நிறுத்தப்பட்ட சிப்பாய்க்கும் இதே பெயர்தான். போலீஸ் ஸ்டேஷனை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

நிலையாகக் கடை போடுகிற அளவுக்கு வருஷம் பூராவும் வியாபாரம் எங்கே நடக்கும்? காலேஜ் வாசலில்தான்! 13ஆம் நூற்றாண்டில் போலோஞா, பாரிஸ் மாதிரியான பல்கலைக்கழகங்களைச் சுற்றி இப்படிப்பட்ட கடைக்காரர்கள் இருந்தார்கள். அச்சு இயந்திரம் வராத காலம். ஒரு புத்தகம் வேண்டுமென்றால் கையால்தான் எழுதி எடுக்கணும். அதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகம் சரிபார்த்த மூலப் பிரதி கடைக்காரரிடம் இருக்கும். அதைத் தைத்துக் கட்டாமல் தனித்தனித் துண்டுகளாக வைத்திருப்பார். 'பெசியா' என்று பேர். நம்ம பீஸும் அதே வேர்தான். மாணவர் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்துப் போய் எழுதிவிட்டு, திருப்பிக் கொடுத்து, அடுத்த துண்டை வாங்கணும். ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் பல பேர் பல துண்டாக காப்பி எடுக்கலாம். வாடகை எவ்வளவு என்பதைக்கூட பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தியது.

புரியுதா மக்களே? எக்ஸாமுக்கு முந்தின நாள் யூனிட் வாரியாக நோட்ஸைப் பிரித்து, ஒருத்தன் யூனிட் 2, இன்னொருத்தன் யூனிட் 4 என்று ஜெராக்ஸ் கடையில் நிற்கிறோமே, அது எண்ணூறு வருஷத்துப் பழக்கம். ஸ்டேஷனர் என்பவர் அந்தக் காலத்து ஜெராக்ஸ் கடை அண்ணன்.

லண்டனில் இந்தக் கடைக்காரர்களும் எழுத்தர்களும் சேர்ந்து 1403ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஸ்டேஷனர்ஸ் கம்பெனி. அச்சு வந்ததும் இவர்கள் கை ஓங்கியது. 1557ல் அரசியின் சாசனம் கிடைத்து, இங்கிலாந்தில் புத்தகம் அச்சிடுவதே பெரும்பாலும் இவர்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. எந்தப் புத்தகத்தை அச்சிடும் உரிமை யாருக்கு என்பது இவர்களுடைய பதிவேட்டில் எழுதினால்தான் செல்லும். எழுதிய ஆசிரியருக்குச் சட்டப்படி உரிமை என்ற ஒன்று 1710ல் வந்த சட்டத்தில்தான் கிடைத்தது. இன்று நாம் காப்பிரைட் என்று சொல்வதின் தொடக்கம் அது. கதை அங்கேயே முடியவில்லை. 2012ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் உள்ளிட்ட மூன்று பதிப்பாளர்கள் டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது வழக்குப் போட்டார்கள். பாடத்துக்குத் தேவையான பக்கங்களைத் தொகுத்து ஜெராக்ஸ் போட்டு விற்றதற்காக. 2016ல் டெல்லி உயர் நீதிமன்றம், கல்விக்காக அப்படி எடுப்பது உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பு சொன்னது. பல்கலைக்கழக வாசலில் துண்டு துண்டாக காப்பி எடுத்துக் கொடுத்து வளர்ந்த தொழில், கடைசியில் அதே காப்பிக்காகப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களாலேயே கோர்ட்டுக்கு வந்தது!

கால ஓட்டத்தில் புத்தகம் விற்பது தனித் தொழிலாகப் பிரிந்து போனது. தாள், மை, இறகு, உறை இதெல்லாம் ஸ்டேஷனரிடமே தங்கிவிட்டது. ஸ்டேஷனர் விற்கிற சரக்கு ஸ்டேஷனரி ஆனது. இப்போ ஸ்பெல்லிங்குக்கு வாங்க. ஸ்டேஷனர் என்ற ஆளின் பெயர் ஈ, ஆர் என்று முடியும். அதோடு கடைசியில் ஒய் சேர்ந்தால் ஸ்டேஷனரி. பேக்கர் - பேக்கரி. புரூவர் - புரூவரி. குரோசர் - குரோசரி. எல்லாமே ஒரே அச்சு. நம்ம ஊரில் ஸ்டேஷனரி கடை இல்லாத தெரு இருக்கலாம், பேக்கரி இல்லாத பஸ் ஸ்டாப் இருக்குமா? பேக்கரிக்கு ஈ என்றால் ஸ்டேஷனரி கடைக்கும் ஈ. முடிஞ்சுது.

"அப்போ லைப்ரரியும் ஒரு இடம்தானே, அதுக்கு ஏன் ஏ?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 'லைப்ரர்' என்று ஒரு ஆள் கிடையாது. அங்கே இருப்பவர் லைப்ரேரியன். முன்னால் ஈ, ஆர் என்று முடிகிற ஒரு ஆள் இருக்கிறாரா என்று பாருங்க. இருந்தால் ஈ. ஏ போட்ட ஸ்டேஷனரி ஒரு ஆளின் சரக்கைச் சொல்லவில்லை, ஒரு தன்மையைச் சொல்கிறது. பிளானட்டரி, மொமென்ட்டரி, டெம்பரரி, செகண்டரி எல்லாம் அந்தக் கட்சி. அங்கே ஏ.

"என்வலப்புக்கு ஈ, அதனால ஸ்டேஷனரிக்கு ஈ" என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தப்பில்லை, ஞாபகம் வைக்க உதவும். ஆனால் அது அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும்தான். காரணம் தெரிந்தால் அந்த அச்சில் வருகிற எல்லா வார்த்தைக்கும் உதவும். ஃபார்முலாவை மனப்பாடம் செய்வதற்கும் டிரைவ் செய்யத் தெரிவதற்கும் என்ன வித்தியாசம் என்று இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஒரே முகம் உள்ள மற்ற ஜோடிகளுக்கும் இதே வழிதான். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் வருகிற டூஸ் காம்ப்ளிமென்டுக்கு நடுவில் ஈ. ஒருத்தரைப் பாராட்டுகிற காம்ப்ளிமென்டுக்கு ஐ. ரெண்டுக்கும் மூலம் 'நிரப்புதல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல். பள்ளியிலேயே நிரப்பு கோணம் என்று படித்தவனுக்கு முதல் காம்ப்ளிமென்ட் ஏற்கனவே தெரியும். 90 டிகிரிக்கு எது குறைகிறதோ அதை நிரப்புவது. இன்னொன்று, ஒருத்தருக்குச் செய்ய வேண்டிய மரியாதையை நிரப்புவது. தமிழில் படித்த கணக்கு வீண் போகவில்லை பாருங்க.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நில் - நிலையம், ஸ்டாரே - ஸ்டேஷன் என்று பொருந்தி வந்ததும் "அப்போ லத்தீனே தமிழிலிருந்துதான் வந்தது" என்று ஒரு ஃபார்வர்டு மெசேஜ் தயாராகிவிடும். அது இல்லை. ரெண்டு மொழியும் தனித்தனியாக ஒரே மாதிரி யோசித்திருக்கு, அவ்வளவுதான். ஸ்டாரேவுக்கு ரத்த சொந்தம் வேண்டுமென்றால் சமஸ்கிருதத்தில் 'ஸ்தா' இருக்கு. ஸ்தானம், ஸ்தாபனம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ராஜஸ்தானில் இருக்கிற 'ஸ்தான்' கூட அந்தக் குடும்பம்தான். முகம் ஒன்றாக இருந்தால் சொந்தம் என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வோம். ஆங்கில கேஷ் நம்ம காசிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்வோமே, அதுவே நல்ல உதாரணம். அகராதியில் கேஷ் என்று ரெண்டு சொல் இருக்கு, ஸ்பெல்லிங்கும் ஒன்றேதான். கையில் இருக்கிற பணத்தைச் சொல்கிற கேஷ், பணப்பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சு, இத்தாலியச் சொல் வழியாக வந்தது. இன்னொரு கேஷ் கம்பெனி காலத்து மதராஸில் புழங்கிய சின்ன நாணயம். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு. அந்த கேஷ்தான் போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகப் போன நம்ம காசு. பெருமைப்படலாம், சரியான கேஷுக்குப் பெருமைப்படணும்.

"இதெல்லாம் எதுக்கு மச்சி, போனே ஸ்பெல்லிங் திருத்திடுமே?" என்பார்கள். இந்த ஜோடியில்தான் போன் பெரும்பாலும் கைவிடும். ரெண்டுமே சரியான வார்த்தை என்பதால் சிவப்புக் கோடு வராது. ரிப்போர்ட்டில் ஸ்டேஷனரி லோட் என்று எழுத நினைத்து ஈ போட்டால் அது எழுதுபொருள் சுமை ஆகிவிடும். படிக்கிறவர் சிரிப்பார், நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இதில் நான் சலுகை கேட்கவில்லை.

நான் கேட்பது கேலியை நிறுத்தச் சொல்லி. ஆங்கிலத்துக்கே எழுத்து ஒழுங்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்று ஆறு கிடைத்திருக்கு. தன் பெயரை அவர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதவில்லை. ஜான்சனின் அகராதி வந்தது 1755ல். அதற்கு முன் ஒரே வார்த்தையை ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள், யாரும் யாரையும் "எந்த மீடியம்?" என்று கேட்கவில்லை.

நம்ம காலேஜ்களின் நிலைமையும் மாறியிருக்கு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021ல் இன்ஜினியரிங்குக்கும் வந்தது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, கம்பைநல்லூர் பக்கத்திலிருந்து வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வருகிறவர்கள் நம்ம பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சீட் கொடுத்தாச்சு. பேச விடுவது நம்ம கையில்தான் இருக்கு. அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழில் தொடங்கியது. ஆனால் ஆங்கில வழியில் படிக்கிற வகுப்பில் ஒரு வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் சொன்னாலே அதை மட்டமாகப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. நிலையியல் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஸ்டாட்டிக்ஸ் ஆரம்பித்தால் என்ன குறைந்துவிடும்? கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் வகுப்பில் ஐம்பது வார்த்தை ஜோடியை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதிலாக, வாரம் ஒரு வேரை எடுத்து அதன் தமிழ் ஜோடியோடு சொல்லிக் கொடுத்தால் என்ன?

ஆசிரியர்கள் செய்வார்களா என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் ரெண்டு பேர் சேர்ந்தால் போதும். உங்க சிலபஸில் வருகிற பத்து ஆங்கில வார்த்தையின் வேரையும், அதற்குப் பொருந்துகிற தமிழ்ச் சொல்லையும் எழுதி நம்ம இதழுக்கு அனுப்புங்க. ஒரு வருஷத்தில் ஜூனியர்களுக்கு நல்ல ஒரு தொகுப்பு சேர்ந்துவிடும். அதுவரைக்கும், பக்கத்தில் இருக்கிறவன் ஏ-க்குப் பதில் ஈ போட்டால் போட்டோ எடுக்காதீங்க. "பேக்கரியை நினைச்சுக்கோடா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் அடுத்த தடவை சரியாக எழுதுவான், செமினாரிலும் கை தூக்குவான்.